விடுமுறைக்கு ஒரு பழைய நகரம்

பயணம் என்பது வன்னி மக்களுக்குப் புதியதன்று. வைகாசிப் பொங்கலுக்கு வற்றாப்பளைக் கண்ணகை அம்மன் கோயிலுக்கு வண்டி கட்டிச் செல்வதும், ஆவணியில் மடுத் திருப்பதிக்குச் சென்று மரநிழலில் தங்குவதும், காடு கடந்து கதிர்காமத்துக்குக் கால்நடையாகச் செல்வதும் தலைமுறை தலைமுறையாக நிகழ்ந்து வந்தவை. அப்பயணங்களுக்கெல்லாம் ஒரு நேர்த்தி உண்டு. ஒரு தெய்வம் உண்டு. நேர்த்தி எதுவும் இன்றி, மனைவி மக்களோடு ஒரு பழைய நகருக்குச் சென்று, அதன் தெருக்களையும் கட்டடங்களையும் பார்த்து, சில நாள் இளைப்பாறி வருவது மிகப் பிந்திய வழக்கமாகும். அவ்வழக்கம் ஆங்கிலேயர் வழியாக வந்தது.

ஆங்கிலேயர்க்கும் அது பண்டைக்காலந் தொட்டு இருந்ததன்று. 18ஆம் நூற்றாண்டிலே அந்நாட்டுச் செல்வர் நோய் தீர்க்கும் வெந்நீரூற்றை நாடிப் பாத் என்னும் நகருக்குச் சென்றனர். உரோமர் கட்டிய நீராடு துறைகள் அங்கு இருந்தன. நோய்க்கு மருந்து தேடிச் சென்றவர்கள் நாளடைவில் விருந்தும் நடனமும் தேடிச் சென்றார்கள். நகரமும் அவர்களுக்கேற்ப அழகிய கல் மாளிகைகளால் நிறைந்தது. இருப்புப்பாதை வந்த பின்னர் எளியவர்க்கும் பயணம் வாய்த்தது. 1841இல் தோமஸ் குக் என்பவர் லெஸ்ரர் நகரிலிருந்து லவ்பரோவுக்குத் தனிப் புகையிரதத்தில் மக்களை அழைத்துச் சென்றார். 1871இல் வங்கி விடுமுறைச் சட்டம் நிறைவேறியது. குடும்ப விடுமுறை என்பது இவ்வாறு படிப்படியாக உருவாயிற்று. இன்றும் அந்நாட்டுக் குடும்பங்கள் பாத், யோர்க், செஸ்ரர் முதலிய பழம்பதிகளுள் எதற்குச் செல்வது என்று ஆராய்ந்து புறப்படுகின்றன.

இதே ஆராய்ச்சியை வவுனியாவுக்கு வடக்கே, கண்டி – யாழ்ப்பாணப் பெருந்தெருவில் உள்ள புளியங்குளத்துக் குடும்பம் ஒன்று செய்யுமாயின், அதன் முன் தோன்றும் ஊர்கள் எவை? பிரித்தானியர் காலத்துச் சுவடுடையதும், குழந்தைகள் கண்டு மகிழத்தக்கதும், போய்வரக் கூடியதுமான ஊர் எது?

அண்மையில் உள்ளது முல்லைத்தீவு. நெடுங்கேணி வழியாக ஒட்டுசுட்டானைக் கடந்து அங்கே செல்லலாம். ஆனால் அங்குள்ள ஆங்கிலேயர் வரலாறு போரின் வரலாறு. 1803ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்திற் பண்டாரவன்னியன் முல்லைத்தீவுக் கோட்டையைத் தாக்கிக் கைப்பற்றினான். அதே ஆண்டு ஒக்ரோபர் இறுதியில் ஒட்டுசுட்டானுக்கு அருகேயுள்ள கற்சிலைமடுவில் கப்டன் வொன் டிறிபேர்க் என்பவனின் படை அவனைத் தோற்கடித்தது. வன்னியிலே ஆங்கிலேயர் கோட்டை பிடித்தனர், வரி தண்டினர், குளங்களை அளந்தனர், பெருந்தெருவும் இருப்புப்பாதையும் அமைத்தனர். வெப்பமும் காய்ச்சலும் மிகுந்த இந்நிலத்தில் அவர்கள் பணி செய்தார்களேயன்றி இளைப்பாறவில்லை. இளைப்பாறுதற்கென்று இலங்கையிலே அவர்கள் கட்டிய நகர் வேறொன்று. அது நுவரெலியா.

கடல்மட்டத்துக்கு மேல் 6,000 அடிக்கும் அதிகமான உயரத்தில், இலங்கையின் மிகவுயர்ந்த மலையாகிய பிதுறுதலாகலையின் அடிவாரத்திலே அமைந்தது நுவரெலியா. 1819இல் வைத்தியர் ஜோன் டேவி அங்கே சென்றார். வேதிநூல் வல்லுநரான சேர் ஹம்பிறி டேவியின் தம்பி இவர். தமிழகத்து நீலகிரி மலைக்கு ஜோன் சலிவன் சென்றதும் அதே 1819இல் என்பது குறிப்பிடத்தக்கது. ஈரிடத்திலும் வெள்ளையர் நாடியது ஒன்றே: சமவெளியின் காய்ச்சலுக்கு அப்பால், தம் நாட்டை ஒத்த ஒரு குளிர் நிலம். தேசாதிபதி எட்வேர்ட் பார்ன்ஸ் தமக்கென நுவரெலியாவில் மாளிகை ஒன்று கட்டினார். நோயுற்ற படைவீரர் தேறுதற்கு ஒரு நிலையமும் ஏற்பட்டது. பாத் நகரைப் போலவே இந்நகரும் நோயாளரிடமிருந்தே தொடங்கியது.

எனினும் அதனை ஓர் ஆங்கிலச் சிற்றூராக ஆக்க முனைந்தவர் சாமுவேல் பேக்கர். பிற்காலத்தில், 1864இல், ஆபிரிக்காவின் அல்பேட் ஏரியைக் கண்டு புகழ்பெற்ற அதே பேக்கர்தாம். வேட்டைக்காக இலங்கை வந்த அவர் சமவெளியிற் கடுங் காய்ச்சலுற்று, நுவரெலியாவுக்குச் சென்று தேறினார். தேறியவர் ஊர் திரும்பி, 1848இல் தம்பி வலன்ரைனுடனும் ஒரு சிறு கூட்டத்துடனும் மீண்டார். பண்ணை மேற்பார்வையாளர், கொல்லர், குதிரைக்காரர், பசு, செம்மறி, வேட்டைநாய், கலப்பை, விதை என ஓர் ஆங்கிலக் கிராமமே கப்பலேறி வந்தது எனலாம். வந்த தொடக்கத்திலேயே அவர்களது வண்டியொன்று இறம்பொடை மலைச்சரிவில் உருண்டு வீழ்ந்தது. கால்நடைகளிற் பல மாண்டன. விளைந்த பயிரை மரைகளும் காட்டுப்பன்றிகளும் அழித்தன. வன்னியில் வேலி கட்டிக் காவலிருக்கும் கமக்காரனுக்கு இத்துயர் விளக்க வேண்டியதில்லை. 1855இல் பேக்கர் தாயகம் திரும்பினார். ஆனால் குளிர்நாட்டுக் காய்கறி அம்மண்ணில் வேரூன்றிவிட்டது. நுவரெலியாக் கரட்டும் லீக்சும் கோவாவும் இன்று வன்னிச் சந்தைகளிலும் விற்பனையாகின்றன.

பேக்கருக்குப் பின் நகர் விரைந்து வளர்ந்தது. 1852இல் பரிசுத்த திரித்துவ ஆலயம் எழுந்தது. 1861இல், சிங்கோனா மரத்தை வளர்த்துப் பார்ப்பதற்காக ஹக்கலையிலே பூந்தோட்டம் நிறுவப்பட்டது. அம்மரத்தின் பட்டையே காய்ச்சலுக்குக் கொயினா மருந்தைத் தருவது. 1873இல் தேசாதிபதி வில்லியம் கிறெகரியின் ஆட்சியில், அவர் பெயர் தாங்கிய ஏரி உண்டாக்கப்பட்டது. 1876இல் ஹில் கிளப், 1889இல் கொல்ப் திடல், 1894இற் செங்கல்லாலான தபாற்கந்தோர், 1897இல் விக்ரோரியா பூங்கா என ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. 1885இல் இருப்புப்பாதை நானுஓயாவை எட்டியது. கூம்பிய கூரை, புகைபோக்கி, ரோசாச் செடி, குதிரைப் பந்தயம் ஆகிய யாவும் ஓர் ஏக்கத்தின் வடிவங்கள். ஆயிரக்கணக்கான மைல் தொலைவிலிருந்த தம் ஊரை அம்மக்கள் கல்லிலும் மரத்திலும் கட்டிப் பார்த்தார்கள். நெடுங்காலம் ஹில் கிளப்பின் வாயில் வெள்ளை ஆடவர்க்கே திறந்திருந்தது என்பதையும் உடன் நினைத்தல் வேண்டும்.

இந்நகரைத் தாங்கி நின்ற செல்வம் எங்கிருந்து வந்தது? சுற்றியிருந்த மலைகளில் முதலிற் கோப்பியும் பின்னர் தேயிலையும் விளைந்தன. 1869இல் இலைநோயொன்று கோப்பியைத் தாக்கியது. சில ஆண்டுகளில் அப்பயிர் அழிந்தது. 1867இல் ஜேம்ஸ் டெயிலர் என்பார் லூல்கந்துறைத் தோட்டத்திற் பயிரிட்ட தேயிலை அதன் இடத்தைப் பிடித்தது. கோப்பிக்கு ஆட்கள் தேவைப்பட்டது அறுவடைக் காலத்தில். ஆகவே பெரும்பாலோர் வந்து உழைத்துத் திரும்பினர். தேயிலைக்கோ ஆண்டு முழுவதும் கொழுந்து பறிக்க வேண்டும். ஆதலால் பெண்களும் பிள்ளைகளுமாகக் குடும்பங்களே வந்து லயன்களிற் குடியமர்ந்தன.

அவர்கள் வந்த வழியே புளியங்குளத்தவர் சிந்திக்க வேண்டிய பகுதி. தமிழகத்தின் வறண்ட மாவட்டங்களிலிருந்து, கங்காணியின் கடனுக்குக் கட்டுப்பட்டுத் தோணியேறி, மன்னார்க் கரையில் இறங்கி, அங்கிருந்து காட்டுவழியே நூறு மைலுக்கும் மேல் அவர்கள் நடந்தார்கள். மன்னாரிலிருந்து மதவாச்சி, அங்கிருந்து மிகிந்தலை, தம்புள்ளை, மாத்தளை. தண்ணீர் இன்றியும், பேதியாலும் அம்மையாலும் காய்ச்சலாலும் வழியில் வீழ்ந்தோர் மிகப் பலர். 1914இல் தலைமன்னார்ப் புகையிரதப் பாதை திறக்கப்படும்வரை மன்னார்க் கரையிலிருந்து மலைநாட்டுக்குச் செல்ல நேரான புகையிரதம் இருக்கவில்லை.

புளியங்குளத்திலிருந்து நுவரெலியாவுக்குப் புறப்படும் பேருந்து வவுனியாவைத் தாண்டி மதவாச்சிச் சந்தியை அடையும்போது, மன்னார் வீதி வலப்புறமாக வந்து சேர்கின்றது. அச்சந்தியிலிருந்து மாத்தளை வரை அக்குடும்பம் செல்வது, பெருமளவில், அன்று அம்மக்கள் நடந்த வழியே. நெடுநடையின் முடிவில் அவர்கள் பிரிந்து தோட்டங்களுக்குச் சென்ற இடம் மாத்தளை. அங்கே பெருந்தெருவோரத்தில் முத்துமாரியம்மன் ஆலயம் கோபுரத்தோடு நிற்கின்றது.

இத்தொடர்பு இவ்வளவில் முடியவில்லை. 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழரிற் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. 1964இன் ஸ்ரீமா – சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது. 1970களின் நடுவில் தோட்டங்களைப் பசி வாட்டியது. 1977இல் வன்செயல் வந்தது. அப்பொழுது மலையிலிருந்து இறங்கிய குடும்பங்கள் பல வவுனியாவிலும் நெடுங்கேணியிலும் கிளிநொச்சியிலும் காடு வெட்டிக் குடியேறின. காந்தியம் என்னும் தொண்டியக்கம் அவர்களுக்குக் கைகொடுத்தது. ஆகவே வன்னிக் குடும்பங்களிற் பலவற்றுக்கு நுவரெலியா வெறும் பார்வையிடம் அன்று; பாட்டனும் பாட்டியும் கொழுந்து பறித்த மலை. ஒரே ஏரிக்கரையில் ஒரு பிள்ளை குதிரைச் சவாரி கேட்கும். அதன் பாட்டி எதிரே தெரியும் லயன் கூரைகளை எண்ணுவாள்.

மேலும், ஊரைத் தெரிவு செய்யும் உரிமையே ஒரு தலைமுறைக்கு இல்லாதிருந்தது. 1990இல் வடபகுதிப் புகையிரதம் வவுனியாவோடு நின்றது. 1997இற் புளியங்குளமே போர்க்களமாயிற்று. அவ்வூரார் வீடு விட்டகன்றனர். பெருந்தெரு 2002இல் திறந்து, 2006இல் மீண்டும் மூடுண்டது. போர் 2009இல் முடிந்த பின்னரே வழி நிலையாகத் திறந்தது. ஓமந்தையிலிருந்து கிளிநொச்சிக்கு இருப்புப்பாதை மீண்டது 2013 செப்ரெம்பரில். அக்காலத்திற் பிறந்தவர்களுக்குப் பயணம் என்றால் இடம்பெயர்வு என்பதே பொருளாயிருந்தது. மூட்டையோடு புறப்பட்டவர்கள், திரும்பி வருவோம் என்ற உறுதியோடு, பிள்ளைகளின் மகிழ்ச்சிக்காகப் புறப்படுவது சிறிய காரியமன்று.

எனவே ஆங்கிலேயர் காலத்துப் பழைய நகர் ஒன்று வேண்டுமெனில் நுவரெலியாவைத் தெரிவு செய்தல் தகும். சித்திரை மாதத்தில் மலர்க் காட்சியும் குதிரைப் பந்தயமும் உண்டு. நெரிசலும் செலவும் உடன் உண்டு. தை, மாசிக் காலையில் புல்மேல் உறைபனி படிவதைக் காணலாம். கம்பளி உடை இன்றியமையாதது. தபாற்கந்தோரை அவசியம் பார்க்க வேண்டும். 2023இல் அதனைச் சுற்றுலா விடுதி முயற்சிக்குக் கையளிக்க அரசு எண்ணியபோது, தபால் ஊழியர் வேலைநிறுத்தம் செய்து எதிர்த்தனர். அந்நியர் கட்டிய கட்டடம் இந்நாட்டு ஊழியரின் உடைமையான கதை அது.

கொல்ப் திடலின் அருகே மேஜர் றொஜர்ஸ் என்பவரின் கல்லறை உள்ளது. ஆயிரத்துக்கு மேற்பட்ட யானைகளைச் சுட்டவர் என்று சொல்லப்படும் அவர் 1845இல் இடி வீழ்ந்து இறந்தார். அவருக்குக் கல்லுண்டு; பெயருமுண்டு. மதவாச்சிக்கும் மாத்தளைக்கும் இடையே வீழ்ந்தவர்களிற் பெரும்பாலோர்க்குக் கல்லுமில்லை, பெயருமில்லை. நகரின் அழகைக் காட்டும் தந்தை, திரும்பும் வழியில் மாத்தளைக் கோயிலிற் பேருந்தை விட்டு இறங்கி, அந்த நடையின் கதையையும் பிள்ளைகளுக்குச் சொல்வாராயின், அவர்கள் வரலாற்றின் இரு பக்கத்தையும் கண்டவராவர். வற்றாப்பளைக்கும் மடுவுக்கும் சென்ற முன்னோரைப் போல, ஒரு கடனைச் செலுத்தித் திரும்பியவரும் ஆவர்.