பாசிஃபுளோரா கொடிகளின் மரபணுத்தொகையும் மீள்வரிசைகளும்

கள்ளக்குறிச்சி மாவட்டத்து வேலிகளிலும் கல்வராயன் மலையடிவாரப் புதர்களிலும் படர்ந்து கிடக்கும் சிறுபூனைக்காலி, பாசிஃபுளோரா பேரினத்தைச் சேர்ந்த கொடி. வலைபோல் பின்னிய, பிசுபிசுப்பான பூவடிச் செதில்களுக்குள் இதன் காய் மூடப்பட்டிருக்கும். மஞ்சளாகப் பழுத்தபின் சிறுவர்கள் பறித்துத் தின்பார்கள். அறிவியல் பெயர் பாசிஃபுளோரா ஃபீட்டிடா. தாயகம் வெப்பமண்டல அமெரிக்கா. தாட்பூட்பழம் (பா. எடுலிஸ்) இதன் உறவினம். 500க்கும் மேற்பட்ட இனங்கள் அடங்கிய இப்பேரினத்தில் மரபணுத்தொகையின் அளவு ஏறத்தாழ பத்து மடங்கு வேறுபடுகிறது. மீள்வரிசை டி.என்.ஏ.வே இதற்கு முதன்மைக் காரணம்.

வகைப்பாட்டு வரலாறு

இப்பேரினம் பற்றிய ஆய்வேடு ஒன்று லின்னேயசின் மேற்பார்வையில் 1745இல் உப்சாலாவில் வெளிவந்தது. 1753இல் அவர் இனங்களுக்கு இருசொற் பெயர்களை வழங்கினார். 1872இல் பிரேசில் நாட்டு இனங்களைத் தொகுத்த மேக்ஸ்வெல் மாஸ்டர்ஸ், ஹூக்கரின் பிரித்தானிய இந்தியத் தாவரத் தொகுதிக்கும் (1879) இப்பேரினம் அடங்கிய குடும்பத்தை எழுதிக் கொடுத்தார். அமெரிக்க இனங்களை ஆராய்ந்த எல்ஸ்வொர்த் கில்லிப் 1938இல் 22 துணைப்பேரினங்களை வகுத்தார். பூவின் நுண்வேறுபாடுகளை அளவுக்கு மீறி நம்பிய அந்தப் பகுப்பை, இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் ஃபூயே, மெக்டூகல் இருவரும் பாசிஃபுளோரா, டெகலோபா, ஆஸ்ட்ரோஃபியா, டெய்டமியாய்டஸ் என நான்காகச் சுருக்கினர். 2009இல் டெட்ராபதேயா ஐந்தாவதாகச் சேர்ந்தது.

சிறுபூனைக்காலி முதல் துணைப்பேரினத்தைச் சேர்ந்தது. தென்னிந்திய மலைகளுக்கே உரிய பா. லெஷெனால்டியை டெகலோபாவில் வைப்பர். டி கண்டோல் 1828இல் பெயரிட்ட இனம் அது. கல்வராயன் மலைத் தாவரங்களை முறையாகத் தொகுத்த பெருமை, திருச்சி தூய வளனார் கல்லூரியின் ராபினா உலர்தாவரகத்தை நிறுவிய கே.எம். மேத்யூ அடிகளாருக்கு உரியது. சேர்வராயன், கொல்லி, பச்சை மலைகளோடு கல்வராயனையும் உள்ளடக்கிய அவரது தமிழ்நாட்டுக் கர்நாடகப் பகுதித் தாவரத் தொகுதி 1980களின் தொடக்கத்தில் வெளிவந்தது. இப்பகுதித் தாவரங்களை ஆராய்பவர் இன்றும் முதலில் எடுக்க வேண்டிய நூல் அது.

குரோமோசோம் எண்கள்

டெகலோபா இனங்களின் இனச்செல்லில் பொதுவாக 6 குரோமோசோம்களும், பாசிஃபுளோரா துணைப்பேரினத்தில் 9உம், ஆஸ்ட்ரோஃபியா, டெய்டமியாய்டஸ் இரண்டிலும் 12உம் உள்ளன. சிறுபூனைக்காலி பெரும்பாலும் 10 உடையது. மூல எண் 6. அது இரட்டித்து 12 ஆயிற்று. 9 என்பதோ 6இலிருந்து படிப்படியாகக் கூடி வந்தது என்பதே பொருத்தமான விளக்கம்.

மீள்வரிசைகள்

ஒரே வரிசை மரபணுத்தொகையில் பலமுறை வருவதை 1968இல் பிரிட்டன், கோன் இருவரும் தெளிவாகக் காட்டினர். இடம்பெயரும் கூறுகளை அதற்கு முன்பே மக்காச்சோளத்தில் கண்ட பார்பரா மெக்லின்டாக், 1983இல் நோபல் பரிசு பெற்றார். மீள்வரிசைகளில் இரு வகைகள் இங்கு முக்கியமானவை. ரெட்ரோடிரான்ஸ்போசான்கள் ஆர்.என்.ஏ. வழியாகத் தம்மையே படியெடுத்து வேறிடத்தில் நுழைகின்றன. பழைய படி இருந்த இடத்திலேயே தங்குவதால் தொகை பெருக்கிறது. சாட்டிலைட் டி.என்.ஏ.வோ ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கிய குறுவரிசைகளால் ஆனது.

டெகலோபாவைச் சேர்ந்த பா. ஆர்கனென்சிஸின் மரபணுத்தொகை சுமார் 26 கோடி கார இணைகள் கொண்டது. எடுலிஸில் அது சுமார் 130 கோடி, பா. குவாட்ராங்குலாரிஸில் சுமார் 260 கோடி. புரதம் ஆக்கும் மரபணுக்கள் இந்த விகிதத்தில் கூடுவதில்லை. பெருந்தொகை இனங்களில் ரெட்ரோடிரான்ஸ்போசான்களின் இரு மரபுவழிகள் மிகுந்து பெருகியிருப்பதை 2021ஆம் ஆண்டு ஆய்வொன்று காட்டியது. ஆனால் சாட்டிலைட் வகைகள் மிகச் சிறிய தொகையிலேயே அதிகம் காணப்பட்டன. ஆகவே தொகை சிறுத்திருப்பதால் மீள்வரிசைகள் அடங்கிவிட்டன என்று கருதக்கூடாது. அங்கு மாறியிருப்பது அவற்றின் வகை. பாசிஃபுளோரா துணைப்பேரினத்தில் பூ பெரிதாகும்போது மரபணுத்தொகையும் பெரிதாகிறது. டெகலோபாவில் இத்தொடர்பு இல்லை.

இன்றைய நிலை

எடுலிஸ், ஆர்கனென்சிஸ் ஆகியவற்றின் மரபணுத்தொகை வரிசைகள் 2021இல் வெளியாயின. தமிழ்நாட்டில் எடுலிஸ் நீலகிரியிலும் கொடைக்கானலிலும் வளர்க்கப்படுகிறது.