லாரிக்கு யார் ஆசிரியர்?

'லேலண்டு வண்டி' என்று சாதாரணமாகச் சொல்லிவிடுகிறோம். நெடுங்காலம் நாமக்கல்லுக்கு வந்தது எஞ்சினும் சேஸும் மட்டும்தான். மேலே கூரைகூடக் கிடையாது. தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு டிரைவர் ஓட்டிவருவார். கேபின், பாடி, டூல் பாக்ஸ் எல்லாம் இங்குள்ள பட்டறைகளில் பிறந்தவை.

என் மச்சான் வண்டிக்குப் பெட்டி செய்யப் போனபோது நானும் கூடப்போனேன். "ஸ்டவ் ஆடக்கூடாது, மழத்தண்ணி எறங்கக்கூடாது" என்றார் மச்சான். பட்டறைக்காரர் சாக்பீஸால் தகரத்தில் கோடு போட்டார். அதுதான் வரைபடம். வெட்டியது ஓரிடம், வளைத்தது வேறிடம், பெயின்ட் இன்னோரிடம். இதில் வடிவமைத்தவர் யார்? வாய்ச்சொல்லா, சாக்பீஸா, வெல்டரின் கையா?

2017 டிசம்பரில் முன்பக்கக் காப்புக் கம்பிகளுக்கு மத்திய அரசு தடை சொன்னது. நடந்துபோகிறவன் உயிர் சம்பந்தப்பட்டது, சரி. 2025 அக்டோபர் 1 முதல் தயாராகும் நடுத்தர, கனரகச் சரக்கு வண்டிகளின் கேபினுக்கு ஏசி கட்டாயம். டிரைவர் வெக்கையில் வேக வேண்டாம், அதுவும் சரியே. ஆனால் விதிக்கேற்ற கேபினைச் சோதித்து அங்கீகாரம் வாங்கச் சிறுபட்டறையால் ஆகுமா? பாதுகாப்பு என்ற சொல்லாடலுக்குள் வேலையின் உரிமையும் கைமாறுகிறது.

ஆசிரியன் இறந்துவிட்டான் என்று நாம் பக்கம் பக்கமாக விவாதித்தோம். இவர்களை ஆசிரியர்கள் என்று ஒருநாளும் எழுதிவைக்கவில்லை. சாக்பீஸ் கோடு வெல்டிங் சூட்டிலேயே அழிந்துபோகிறது.