கிள்ளுக்கீரையும் அதன் உறவினர்களும்

“என்னை என்ன கிள்ளுக்கீரைன்னு நினைச்சியா?” கோபம் வந்தால் தமிழர் வாயில் தானாக வரும் கேள்வி இது. போகிற போக்கில் யார் வேண்டுமானாலும் கிள்ளிக்கொண்டு போகலாம், கேட்க நாதியில்லை என்று அர்த்தம். கீரை போடுகிறவர்களிடமோ இந்தச் சொல்லுக்கு நல்ல மரியாதை. வேரோடு பிடுங்காமல், நுனியை மட்டும் கிள்ளி வாரக்கணக்கில் சமையலுக்கு எடுக்கிற கீரை அது. கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகம் வெளியிட்ட கோ 3 ரகம் அந்த வகைதான்: விதைத்த 20 நாளில் முதல் கிள்ளல், பிறகு வாரத்துக்கு ஒன்றாகப் பத்து முறை வரை.

அரைக்கீரையின் பெயரும் இதே வேலையில் பிறந்தது. அதில் என்ன அரை, என்ன முழு என்று குழம்பவே வேண்டாம். அகராதிகளில் அது வல்லின றகரத்தோடு அறைக்கீரை, அறுகீரை என்று இருக்கிறது. அறுக்க அறுக்கத் துளிர்ப்பதால் அறுகீரை. பேச்சில் றகரம் தேய்ந்து ரகரமானதும் பெயருக்குள் இருந்த அரிவாள் மறைந்துவிட்டது.

முளைக்கீரையும் தண்டுக்கீரையும் காலக்கணக்கைச் சொல்கின்றன. 25 நாளில், இளசாக வேரோடு பிடுங்கினால் முளைக்கீரை. மண்ணை அலசிவிட்டு, வேக வைத்துச் சட்டியில் மத்தால் கடைவார்கள். இன்னும் சில வாரம் விட்டுத் தண்டு பருத்த பிறகு எடுத்தால் தண்டுக்கீரை. தண்டு சாம்பாருக்கும் மோர்க்குழம்புக்கும் போகும். கோ 2 போன்ற ஒரே ரகத்தை இரண்டு விதமாகவும் எடுக்கலாம்.

செடி நூலார் இந்தக் கீரைகள் அடங்கிய பேரினத்துக்கு வைத்த பெயர் அமராந்தஸ். லின்னேயஸ் 1753இல் தம் நூலில் பதித்தது. ‘வாடாதது’ என்ற பொருளுள்ள கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. அவர்கள் பார்த்தது பூவை. நம் ஊர்க்காரர்களுக்குப் பூ எட்டிப் பார்த்தாலே கவலை; அதன்பின் இலை சிறுத்து, தண்டு நாராகிவிடும். கையும் அரிவாளும் படுகிற இடத்திலிருந்து பெயர் வைத்த நம்மவர்களின் வழியே சமையலுக்கு உதவுவது.

இந்தப் பார்வை நேற்று வந்ததல்ல. புறநானூற்றின் 159ஆம் பாட்டில், வறுமையில் வாடும் புலவர் பெருஞ்சித்திரனாரின் மனைவி குப்பைக்கீரை பறிக்கிறாள். முன்பு கொய்த இடத்திலேயே மறுபடி கிளைத்த இளந்தளிரைத்தான் பறிக்கிறாள். உப்பில்லை, மோரில்லை, வெறும் நீரில் வேகிறது. பறித்த கணுவில் மீண்டும் துளிர்க்கும் என்ற நுட்பத்தைக் வள்ளல் குமணனிடம் பரிசில் கேட்கிற பாட்டுக்குள் அவர் கொண்டுவந்திருப்பது வியப்புக்குரியது. நிற்கிற செடியைக் கீரை என்றவர், வெந்ததை அடகு என்கிறார். அடகு என்றால் இன்று நமக்கு நகைதான் நினைவுக்கு வரும். கீரை என்ற சொல் மட்டும் தங்கிவிட்டது.

அக்கம்பக்கத்து மொழிகளில் அந்தச் சொல் இந்தச் செடியை இன்னும் நெருங்கி வந்திருக்கிறது. மலையாளத்தில் ‘சீர’ என்று மட்டும் சொன்னாலே பெரும்பாலும் இந்தக் கீரைதான். கன்னடத்தில் இது ‘கீரெ சொப்பு’. தண்டுக்காக வளர்ப்பது ‘தண்ட்டு சொப்பு’. தெலுங்கில் ‘தோட்டகூர’, அதாவது தோட்டத்துக் கீரை. கொல்லையில் நாலடி இடமிருந்தால் போதும் என்பது அந்தப் பெயருக்குள்ளேயே இருக்கிறது.

கொல்லையோ மாடித் தொட்டியோ, விதைப்பதில் கவனம் வேண்டும். விதை கடுகை விடச் சிறியது. கையில் அள்ளினால் ஒரே இடத்தில் கொட்டும். மணல் கலந்து தூவி, மேலே மெல்லிய மண் மூடி, பூவாளியால் நீர் விட வேண்டும். எறும்பு இழுத்துப் போகாமல் பார்க்க வேண்டும். நெருக்கமாக முளைத்ததைக் கலைத்துப் பிடுங்கினால் அதுவே முதல் முளைக்கீரை.

அறுப்பதிலும் ஓர் அளவு உண்டு. தரையை ஒட்டி வழித்து அறுத்தால் பல செடிகள் பட்டுப்போகும். இரண்டு மூன்று கணுவாவது விட வேண்டும். ஒவ்வொரு இலைக்காம்பின் கக்கத்திலும் ஒரு மொட்டு உறங்குகிறது. நுனி இருக்கும்வரை அது அடங்கியே கிடக்கும், நுனி போனதும் கிளையாக எழும். அறுகீரைப் பாத்தியில் பூங்கொத்து தெரிந்தால் அதையும் உடனே கிள்ளிவிடலாம். விதைக்கு என்று ஓரத்தில் இரண்டு செடியை மட்டும் பூக்க விட்டால், காய்ந்த கொத்தைக் கசக்கிப் புடைத்து அடுத்த பாத்திக்கு வைத்துக்கொள்ளலாம்.