கோட்டைக்குப் போய்த் திரும்பும் மனு

குன்றத்தூர்க்காரருக்குச் சென்னைக் கோட்டை, அதாவது தலைமைச் செயலகம், பக்கம்தான். காஞ்சிபுரம் ஆட்சியர் அலுவலகம் ஏறக்குறைய இரண்டு மடங்கு தூரம். ஆனாலும் மனு முதலில் மேற்கே போக வேண்டும், திங்கள்கிழமை குறைதீர் கூட்டத்துக்கு. கூட்டுப் பட்டாவில் கிடக்கும் தன் பங்கைப் பிரித்துத் தனிப்பட்டா கேட்கும் ஒரு மனுவின் பின்னாலேயே போய்ப் பார்க்கலாம். ஒரகடம் வரை தொழிற்சாலைகள் வந்து மண்ணுக்கு விலை ஏறிய ஊரில், அந்தத் தாளுக்குத் தனி மதிப்பு.

அனுப்புநர், பெறுநர், பொருள் என்று வெள்ளைத்தாளில் எழுதிய மனு, கணினியில் பதிவானதும் ஓர் எண் பெறும். ஆட்சியர் மேலோட்டமாகப் படித்துப் பக்கத்தில் இருக்கும் அதிகாரியிடம் நீட்டுவார். பிறகு இறங்குமுகம்தான்: ஸ்ரீபெரும்புதூர் கோட்டாட்சியர், குன்றத்தூர் வட்டாட்சியர், வருவாய் ஆய்வாளர், கடைசியில் வி.ஏ.ஓ. ஒவ்வொரு மேசையிலும் ஒரு ந.க. எண், 'உரிய மேல்நடவடிக்கைக்காக' என்று ஒரு வரி.

பதில் வராதவர் முதல்வரின் உதவி எண் 1100-ஐ அழைப்பார், அல்லது முதல்வரின் முகவரி துறைக்கு எழுதுவார். கோட்டை அதை மாவட்டத்துக்கு அனுப்பும், மாவட்டம் வட்டத்துக்கு. யார் தாமதம் செய்கிறார் என்று எழுதினோமோ, அவர் மேசைக்கே மனு வந்து சேரும். அவர் எழுதும் அறிக்கையே அரசின் பதிலாகத் திரும்பி வரும். பதிவேடும் புலப்படமும் அவரிடம்தானே இருக்கின்றன என்பார்கள். உண்மைதான். ஆவணத்தை அவர் தரட்டும். தீர்ப்பையும் அவரே ஏன் எழுத வேண்டும்?

அன்றைய சென்னை மாகாணத்தில் வேறு மாதிரியும் நடந்திருக்கிறது. 1852-இல் சென்னைவாசிகள் சங்கம் லண்டன் நாடாளுமன்றத்துக்கே மனு அனுப்பியது. வரி வசூலில் நடந்த கொடுமைகள் அங்கே பேசப்பட்டு, சித்திரவதை ஆணையம் அமைந்தது. அது மக்களிடம் நேரடியாகவே முறையீடுகளைக் கேட்டு 1855-இல் அறிக்கை தந்தது. வெள்ளைக்காரன் காலத்திலேயே முடிந்தது இது.

மனு பெற்ற 3 நாளில் ஒப்புகை, ஒரு மாதத்தில் தீர்வு என்று 2015-ஆம் ஆண்டு அரசாணை இருக்கிறது. ஆனால் 'நிராகரிக்கப்பட்டது' என்பதும் கணக்கில் தீர்வுதான்! அப்படிப் பதில் வந்தால் மறுபடி கோட்டைக்கு எழுதாதீர்கள். வட்டாட்சியரின் உத்தரவு நகலை வாங்கிக்கொண்டு, 1983-ஆம் ஆண்டு பட்டா பாஸ்புத்தகச் சட்டப்படி கோட்டாட்சியரிடம் மேல்முறையீடு செய்யுங்கள். அதற்கும் மேலே மாவட்ட வருவாய் அலுவலரிடம் சீராய்வு உண்டு. இந்த இரண்டு இடத்திலும் அதிகாரி விசாரித்து, காரணம் எழுதி, உத்தரவில் கையெழுத்திட வேண்டும்.