குழந்தைகள் பெயரில் ஒரு பைல்

போன வாரம் காலை நடையில் நண்பர் ஒருவர் குறைபட்டுக்கொண்டார். பேரன் பெயரில் அவர் போட்ட டெபாசிட்டுக்கு வங்கியில் வரி பிடித்துவிட்டார்களாம். "பையனுக்கு ஒன்பது வயசு. அவனுக்கு ரிட்டர்ன் போட ஆடிட்டர் எவ்வளவு கேட்பார்?" என்றார். தனி ரிட்டர்ன் வேண்டியதில்லை, உங்கள் மகன், மருமகள் இருவரில் யாருக்கு வருமானம் அதிகமோ அவர் கணக்கில் அந்த வட்டி சேரும் என்றேன். "என் பணத்தைப் பேரனுக்குக் கொடுத்தால் அவன் அப்பன் எதுக்கு சார் வரி கட்டணும்?" என்றார். நல்ல கேள்விதான். நடை முடிவதற்குள் பதில் சொல்லி முடியவில்லை. அதனால் இங்கே எழுதுகிறேன்.

1974 முதல் முப்பத்துமூன்று வருஷம் கோயம்புத்தூரில் ஒரு ஆடிட்டர் ஆபீசில் குமாஸ்தாவாக இருந்தேன். அங்கே ஒரு குடும்பம் என்றால் ஒரு கட்டு. மேலே அப்பா பைல், அடுத்து அம்மா, அடுத்து கூட்டுக் குடும்பத்தின் பைல், அடியில் குழந்தைகள். தொட்டிலில் கிடக்கும் பிள்ளைக்கும் பைல் உண்டு. கார்டியன் என்று அப்பா கையெழுத்துப் போடுவார்.

காரணம் வரி விகிதம். 1970களின் தொடக்கத்தில் உச்ச விகிதம், சர்சார்ஜோடு சேர்த்து, நூற்றுக்கு 97.75 ரூபாய். ஒருவர் தலையில் விழும் வருமானத்தை ஐந்து தலைக்குப் பிரித்தால் ஒவ்வொன்றும் கீழ்ப்படிக்கு இறங்கிவிடும்.

இதை வெள்ளைக்காரன் காலத்திலேயே கண்டுகொண்டார்கள். அப்பா பங்காளியாக இருக்கும் கடையில் மைனர் பிள்ளைக்குப் பங்கு வைத்தாலும், அப்பாவே பிள்ளைக்குச் சொத்து எழுதிவைத்தாலும், அந்த வருமானம் அப்பாவுடையதே என்று 1937லேயே சட்டம் திருத்தப்பட்டது. உடனே வழி மாறியது. அண்ணன் கடையில் தம்பி பிள்ளைகளுக்குப் பங்கு, தம்பி கடையில் அண்ணன் பிள்ளைகளுக்குப் பங்கு. 1975 திருத்தத்தில் எந்தக் கடையில் பங்கு வைத்தாலும் பெற்றோர் கணக்கில்தான் என்றார்கள். அதன் பிறகு தாத்தா, பாட்டி, மாமா அன்பளிப்பாகக் கொடுத்த பணம் குழந்தை பெயரில் டெபாசிட் ஆனது. அந்த வாசல் மட்டும் திறந்தே இருந்தது.

கூலி விஷயத்துக்கு வருகிறேன். மிச்சமான வரியில் இத்தனை சதம் என்று ஆடிட்டர் கூலி வாங்கக் கூடாது. அவர்கள் தொழில் சட்டமே தடுக்கிறது. எங்கள் ஆபீசில் அப்பா பைலுக்கு 300 ரூபாய் என்றால் குழந்தை பைலுக்கு 25. வேலை ஒன்றும் குறைவில்லை. வட்டிச் சான்றிதழ் கேட்டு அலைவதும், ரீபண்டுக்கு நடப்பதும் பெரியவர் பைலுக்கு உள்ளதேதான். ஆனால் பிள்ளைக்கு அதிகம் கேட்டால் மொத்தக் கட்டும் வேறு ஆபீசுக்குப் போய்விடும். வரியே வராத குழந்தைக்கும் சிலர் ரிட்டர்ன் போடச் சொல்வார்கள். பையன் பெரியவனாகி வீடு வாங்கும்போது 'பணம் ஏது?' என்று கேட்டால் காட்டுவதற்குக் காகிதம் வேண்டுமல்லவா!

1992 பட்ஜெட்டில் மன்மோகன் சிங் அந்த வாசலையும் அடைத்தார். யார் கொடுத்த பணமானாலும், மைனரின் வருமானம் பெற்றோரில் அதிக வருமானம் உள்ளவருடன் சேரும். குழந்தை தன் உழைப்பாலோ திறமையாலோ சம்பாதித்தால் மட்டும் தனிக் கணக்கு. சினிமாவில் நடிக்கும் பிள்ளைகள் அதனால் தப்பினார்கள். பிள்ளைக்கு 1,500 ரூபாய் கழிவு கொடுத்தார்கள்.

ஏமாற்று ஒழிந்தது என்று நானும் மனசுக்குள் மெச்சிக்கொண்டேன். 1993 ஜூன் மாதம் ஒரு டீச்சரம்மா வந்தார். கணவர் இறந்து மூன்று வருஷம். இன்சூரன்ஸ், கிராஜுவிட்டி பணத்தை இரண்டு பிள்ளைகள் பெயரிலும் கம்பெனி டெபாசிட்டில் போட்டிருந்தார். ஆளுக்கு வருஷ வட்டி 18,000. பிடித்த வரியை ரீபண்ட் வாங்கத்தான் எங்களிடம் வருவார்; பிள்ளைகளுக்கு வரி கிடையாது. அவருக்குக் கழிவெல்லாம் போக வருமானம் 30,000. அந்த வருஷம் 28,000 வரை வரியில்லை, ஆக வரி 400 ரூபாய்.

புதுச் சட்டப்படி கூட்டிப் பார்த்தேன். இரண்டு வட்டியும் சேர்ந்து, 3,000 கழிந்து, 63,000. வரி 8,300. திரும்பக் கூட்டினேன், அதேதான். சொல்ல வேண்டிய வேலை என்னுடையது.

"அது அவங்க அப்பா பணம் சார். என் சம்பாத்தியமா?" என்று கேட்டார். பதில் சொல்லத் தெரியவில்லை. தாயும் இல்லாத பிள்ளைகளாக இருந்தால் கூட்ட ஆளில்லை, வரியும் இல்லை. அதை எப்படி அந்த அம்மாவிடம் சொல்வது?

ஆடிட்டர் ரூமுக்குள் கூப்பிட்டு உட்காரவைத்துப் பேசினார். டெபாசிட் முதிர முதிர பி.பி.எஃப்.புக்கு மாற்றச் சொன்னார். அதற்கு அப்போது 12 சதவீதம் வட்டி, வரி கிடையாது. வருஷத்துக்கு 60,000தான் போட முடியும் என்பதால் முழுவதும் மாற நாலு வருஷம் ஆனது. அதுவரை அந்த அம்மா வரி கட்டிக்கொண்டுதான் இருந்தார். எங்கள் ஆபீஸ் அவரிடம் பீஸ் வாங்கவில்லை. "நாம கட்டுக் கட்டா பைல் திறந்தோமே, அதுக்கு இந்தம்மா கட்டறாங்கப்பா" என்று அன்று சாயங்காலம் ஆடிட்டர் சொன்னார். அந்த 25 ரூபாய் பைல்களை எழுதியவன் நான்தான்.

நடை நண்பருக்குப் பதில் இதுதான். உங்கள் மேல் சந்தேகம் இல்லை சார். எங்கள் அலமாரியில் இருந்த அந்தக் கட்டுகளுக்காகப் போட்ட பூட்டு, எல்லார் வீட்டுக்கும் சேர்த்துப் போட்டது. 1992ல் கொடுத்த அந்த 1,500 பிறகு உயரவே இல்லை. புதிய வரி முறையில் போனால் அதுவும் கிடையாது. பிடித்த வரியை மகன் ரிட்டர்னில் கேட்டு வாங்கலாம். பேரனுக்கென்று ஆடிட்டர் தனியாகப் பணம் கேட்டால், எதற்கு என்று கேளுங்கள்.