வெப்பநிலையும் களை விதையின் உறக்கமும்: ஓர் ஆய்வு மரபின் வரலாறு

விதை முளைப்புக்கு மூன்று வெப்பநிலைகள் உண்டு என்று 1860-இல் ஜெர்மானியத் தாவர உடலியலாளர் யூலியஸ் சாக்ஸ் எழுதினார். ஒன்று, அதற்குக் கீழே முளைக்காத தாழ்ந்த எல்லை; இன்னொன்று, விரைந்து முளைக்கும் உகந்த அளவு; மூன்றாவது, அதற்கு மேல் முளைக்காத உச்ச எல்லை. பயிர் விதைகளுக்கு இந்தக் கணக்கு நன்றாகவே பொருந்தியது. விதைத்ததும் முளைப்பதைத்தானே உழவர் தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்து வைத்துக்கொண்டார்கள்! களை விதையிடம் அந்தக் கணக்கு தோற்றது. ஒரே செடியின் விதை, ஒரே ஈரத்தில், ஒரே வெப்பத்தில் ஒரு மாதம் முளைத்தது. மற்றொரு மாதம் உறக்கத்தில் அசையாமல் கிடந்தது. இந்த முரண்பாட்டை அவிழ்க்க நூறாண்டுக்கு மேல் ஆயிற்று. மூன்று எல்லைகளும் நிலையானவை என்ற நம்பிக்கையே தாமதத்துக்கு முதன்மைக் காரணம் என்பது என் கருத்து.

முதல் விரிசல் அமெரிக்காவில் விழுந்தது. மாறாத வெப்பத்தில் சரியாக முளைக்காத ஜான்சன் புல் உள்ளிட்ட பல விதைகள், பகலில் சூடும் இரவில் குளிர்ச்சியும் மாறி மாறிக் கிடைத்தால் முளைக்கின்றன என்பதை 1923-இல் ஜி. டி. ஹாரிங்டன் விரிவாகக் காட்டினார். இதன் சூழலியல் பொருள் துலங்க 1977 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. செடிகொடி மூடிய நிலத்திலும் ஆழ்ந்த மண்ணிலும் பகல்-இரவு வெப்ப வேறுபாடு சிறிது. வெறும் தரையின் மேற்பரப்பில் அது பெரிது. ஆகவே அந்த ஏற்ற இறக்கத்தைக் கொண்டே விதை, மேலே இடம் வெறுமையாக இருக்கிறதா என்று அறிகிறது எனத் தாம்ப்சன், கிரைம், மேசன் மூவரும் விளக்கினர். உழவு ஓட்டியதும் களை பொங்கி வருவதற்கு வெளிச்சத்தோடு இதுவும் ஒரு காரணம்.

இடைப்பட்ட காலத்தில் இங்கிலாந்தின் ராதம்ஸ்டெட் ஆய்வு நிலையத்தில் வினிஃபிரெட் பிரெஞ்ச்லியும் கேத்ரின் வாரிங்டனும் செய்த பணி இன்னும் அதிகம் பேசப்பட வேண்டியது. 1843 முதல் கோதுமை விளையும் பிராட்பாக் வயலின் மண்ணைத் தட்டுகளில் பரப்பி, அவ்வப்போது கிளறி, எழும் நாற்றுகளை ஆண்டுக்கணக்கில் எண்ணினார்கள். 1930 முதல் வெளிவந்த அந்த முடிவுகளில், இனத்துக்கு இனம் முளைக்கும் பருவம் வேறுபட்டது. மண்ணுக்குள் கிடக்கும் விதைக்குள் ஏதோ ஒரு பருவக் கணக்கு ஓடுகிறது என்பது அங்கே தெரிந்தது. அந்தக் கணக்கை ஓட்டுவது எது என்பது தெரியவில்லை.

விடைக்கான திறவுகோல் 1964-இல் உப்சாலாவில் இருந்த வேகிஸ் எழுதிய கட்டுரையில் இருந்தது. உறக்கம் என்பது முளைக்கும், முளைக்காது என்ற இரண்டே நிலை அல்ல. முளைக்கக்கூடிய வெப்ப வரம்பு விரிவதும் சுருங்குவதுமே உறக்கம் என்றார். ஒருக்களித்த கதவு போல, சிறிது திறந்திருக்கையில் குறுகிய வரம்பில் மட்டும் முளைப்பு நிகழ்கிறது. சாக்ஸின் எல்லைகள் இப்போது நகரத் தொடங்கின. என் பார்வையில் இத்துறையின் திருப்புமுனை இதுதான்.

அடுத்து வந்தவர்கள் விதையைக் களத்தில் புதைத்து மாதந்தோறும் தோண்டி எடுத்துச் சோதித்தார்கள். பாலிகோனம் அவிகுலேரே என்ற களையின் உறக்கம் குளிர்காலத்தில் தளர்ந்து, கோடை வெம்மையில் மீண்டும் இறுகுவதை 1968-இல் கோர்ட்னி காட்டினார். சுக்கான் கீரையின் இனமான ரூமெக்ஸ் களைகளில் டோட்டர்டெல்லும் ராபர்ட்ஸும் 1979-இல் இன்னும் நுட்பமான ஒன்றைக் கண்டனர். சுமார் 15 டிகிரி செல்சியஸுக்குக் கீழே பிறவி உறக்கம் கலையும் வேகம் வெப்பத்தால் அதிகம் மாறுவதில்லை. ஆனால் அதே வேளையில் புதிய உறக்கம் ஒன்று படிகிறது; அதன் வேகம் வெப்பம் கூடக் கூட உயர்கிறது. அதனால்தான் கடுங்குளிர் அதிகப் பலன் தருவதாகத் தோன்றுகிறது: கலைவது கூடுவதில்லை, படிவது குறைகிறது. இரு எதிர்விசைகளைப் பிரித்துக் காட்டிய இந்த ஆய்வின் தெளிவு வியக்கத்தக்கது.

கென்டக்கியின் ஜெரி, கரோல் பாஸ்கின் தம்பதியர் 1985-இல் இவற்றை ஓர் ஆண்டுச் சுழற்சியாகக் கோத்தனர். கோடைக் களையின் விதை முதலில் உயர்ந்த வெப்பத்தில் மட்டுமே முளைக்கும். குளிர்காலம் அதன் தாழ்ந்த எல்லையைக் கீழிறக்க, வசந்தத்தில் அது எழுகிறது. குளிர்காலக் களை இதற்கு நேர்மாறு: கோடை வெப்பம் உச்ச எல்லையை உயர்த்த, இலையுதிர்காலத்தில் முளைக்கிறது. வெப்பத்துக்கு இரண்டு வேலை உண்டு, உறக்கத்தை மாற்றுவது ஒன்று, முளைப்பை நடத்துவது இன்னொன்று என்று 1992-இல் நெதர்லாந்தின் பௌமேஸ்டரும் கார்சனும் பாலிகோனம் பெர்சிகேரியாவில் வைத்து நிறுவினர்.

இதற்கிடையே 1982-இல் கம்பு விதையில் கார்சியா-ஹுயிடோப்ரோ, மான்டீத், ஸ்கொயர் மூவரும் வகுத்த வெப்ப-நாள் கணக்கு, அதாவது தாழ்ந்த எல்லைக்கு மேலான வெப்பத்தை நாள்தோறும் கூட்டிப் பார்க்கும் முறை, களை ஆய்வுக்கும் வந்து சேர்ந்தது. அர்ஜென்டினாவில் பட்லாவும் பெனெச்-அர்னால்டும் 2003-இல் மண்ணின் குளிரை நாள்தோறும் கூட்டி, பாலிகோனம் விதைகளின் உறக்கம் எவ்வளவு தளர்ந்தது என்று முன்கூட்டிக் கணிக்கும் மாதிரியை அமைத்தனர்.

இம்மாதிரிகள் பெரும்பாலும் மிதவெப்ப நாடுகளின் குளிரை அளவுகோலாகக் கொண்டவை. 15 டிகிரிக்குக் கீழே மண் குளிர்வது அரிதான தமிழகச் சமவெளிக்கு அவற்றை அப்படியே எடுத்தாள முடியாது. இங்கே உலர்ந்த மண்ணின் கோடைச் சூட்டையும், மழையால் ஈரமும் காய்ச்சலும் மாறி வருவதையும் அளவைகளாகச் சேர்த்தே கணக்கைத் தொடங்க வேண்டும்.