நடந்தாய் வாழி காவேரி (நூல்)

நடந்தாய் வாழி காவேரி என்பது சிட்டி, தி. ஜானகிராமன் ஆகிய இருவரும் இணைந்து எழுதி 1971ஆம் ஆண்டு வெளிவந்த தமிழ்ப் பயண நூலாகும். குடகு மலையிலுள்ள தலைக்காவிரிக்கும் காவிரி கடலோடு கலக்கும் பூம்புகாருக்கும் இடையே ஆற்றின் கரையோரமாகச் சென்று கண்டவற்றை இந்நூல் விவரிக்கிறது.

பெயர்

சிலப்பதிகாரத்தின் கானல்வரியில் காவிரியை வாழ்த்தும் தொடரே நூலின் பெயராயிற்று. நடந்தது ஆறு, ஆசிரியர்கள் சென்றது பெரும்பாலும் மகிழுந்தில்.

ஆசிரியர்கள்

சிட்டி (பெ. கோ. சுந்தரராஜன், 1910–2006) மணிக்கொடி காலத்து எழுத்தாளர். தி. ஜானகிராமன் (1921–1982) தஞ்சை மாவட்டத்தில் பிறந்தவர். மோகமுள், அம்மா வந்தாள் முதலிய புதினங்களை எழுதியவர். இருவரும் அகில இந்திய வானொலியில் பணியாற்றினர்.

பின்னணி

காவிரி ஏறத்தாழ 800 கிலோமீட்டர் நீளமுடையது. இதன் வடிநிலம் வடக்கே கொள்ளிடம் முதல் தெற்கே முத்துப்பேட்டை, அதிராம்பட்டினம் கடற்கரை வரை விசிறிபோல் விரிந்துள்ளது. தென்பகுதியான பட்டுக்கோட்டை வட்டாரத்துக்கு, மேட்டூர் அணைத் திட்டத்துடன் வெட்டப்பட்ட கல்லணைக் கால்வாய் நீர் கொண்டுவருகிறது. கடைமடை வயலில் குறுவை நடவு நடைபெறுவது குடகில் பெய்யும் தென்மேற்குப் பருவமழையையும் மேட்டூர் அணையின் நீர் இருப்பையும் பொறுத்தது. எனவே தஞ்சை நாட்டை அறிய விரும்புவோர் அதன் எல்லைக்கு அப்பாலுள்ள ஆற்றின் பிறப்பிடத்தையும் அறிய வேண்டியுள்ளது.

ஒப்பிடத்தக்க நூல்

தாய்நாட்டை அறியும் பொருட்டு அமெரிக்க எழுத்தாளர் ஜான் ஸ்டைன்பெக் 1960இல் சார்லி என்னும் தம் நாயுடன் சிறு சுமையுந்தில் ஏறத்தாழ 16,000 கிலோமீட்டர் பயணம் செய்தார். அந்நூல் 1962இல் வெளிவந்தது. அவர் நாட்டைச் சுற்றிவந்து மக்களுடன் உரையாடினார். காவிரி நூலிலோ பயணத்தின் வழியை ஆறே வகுத்தது.

முக்கியத்துவம்

சென்னை மாகாணமும் மைசூர் அரசும் 1924இல் செய்துகொண்ட காவிரி உடன்படிக்கையின் 50 ஆண்டுக் காலம் 1974இல் முடிந்தது. கபினி அணை 1974இலும் ஏமாவதி அணை 1979இலும் நிறைவுற்றன. 1990இல் நடுவர் மன்றம் அமைக்கப்பட்டது. அதன் இறுதித் தீர்ப்பு 2007இல் வெளிவந்தது. 2018இல் உச்ச நீதிமன்றம், பில்லிகுண்டுலு அளவீட்டு நிலையத்தில் தமிழ்நாட்டிற்கு ஆண்டுக்கு 177.25 ஆயிரம் மில்லியன் கன அடி நீர் கிடைக்க வேண்டும் எனத் தீர்ப்பளித்தது. இம்மாற்றங்களுக்கு முன்னர் எழுதப்பட்டமையால், இரு மாநிலங்களிலும் ஓடும் காவிரியை ஒரே ஆறாகக் கண்டு எழுதிய பதிவாகவும் இந்நூல் விளங்குகிறது.